ஊர்த் தரவையைப் பருவந்தோறும் பேணுதல்

வயலுக்கும் கடனீரேரிக்கும் இடையே உழப்படாமலும் வேலியிடப்படாமலும் கிடக்கும் புல்வெளியை யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவுகளிலும் தரவை என்பர். வன்னியிலும் மட்டக்களப்புப் பகுதியிலும் இச்சொல் வழக்கில் உண்டு. அதனைக் கடந்து செல்வோர் பலர் வெறும் நிலமென்றே எண்ணுவர். ஆயின் ஒரு பசுவையும் நாலைந்து ஆடுகளையும் அன்றி வேறு உடைமை இல்லாத குடும்பத்துக்கு அத்தரவையே காணி. அதுவே வைக்கோற் போர். பிள்ளைகளின் பாலும் அங்கிருந்தே வருகின்றது.

தரவை ஒரேநாளில் அழிவதில்லை. ஓராண்டில் அதன் ஓரத்து வேலி நான்கு முழம் உள்ளே நகரும். மறு ஆண்டில் ஒரு மூலையிற் குப்பை கொட்டப்படும். பின்னர் கிரவலுக்காக ஒரு குழி தோண்டப்படும். குழியைச் சுற்றிப் பாத்தீனியம் முளைக்கும். புல் குறையவே, பசுவை வளர்க்க இயலாதவர் அதனை விற்றுவிடுவர். பசு இல்லாத ஊருக்குத் தரவை எதற்கு என்ற கேள்வி அதன் பின்பு எழும். அக்கேள்வி எழுந்தபின் தரவையைக் காப்பது மிகக் கடினம். ஆகையால், கால்நடை வைத்திருப்போர் ஊரில் உள்ளபொழுதே அதனைப் பேணும் முறையை அமைத்துக்கொள்ளல் வேண்டும்.

தரவையின் இயல்பு

குடாநாட்டிலும் தீவுகளிலும் தரவையின் மேன்மண் ஆழமற்றது. பல இடங்களில் ஒரு முழத்துக்குள் சுண்ணக்கல் தட்டுப்படும். நீரேரியை அடுத்த பகுதிகள் உவர்த்தன்மை உடையன. அங்கு உமரியும் உவரைத் தாங்கும் சில புற்களுமே வளரும். சற்று மேடான இடங்களில் அறுகும் கோரையும் வேறு பல சிறு புற்களும், இடையிடையே ஆவரசும் ஈஞ்சும் காணப்படும். யாழ்ப்பாணத்தில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1250 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி முடியுமுன் பெய்துவிடும். எனவே தரவை மூன்று மாதம் நீரில் ஊறிக் கிடந்து, மூன்று மாதம் பசுமையாயிருந்து, எஞ்சிய காலம் காய்ந்து கிடப்பது இயல்பேயாம். வைகாசியிற் காய்ந்த தரவையைக் கண்டு அது பயனற்ற நிலமென முடிவுசெய்வது, அறுவடை முடிந்த வயலைப் பார்த்து அதில் நெல் விளையாது என்பதை ஒக்கும்.

மேய்ச்சலோடு தரவைக்கு வேறொரு பயனும் உண்டு. 25 மில்லிமீற்றர் மழை ஓர் ஏக்கரிற் பெய்தால், அந்நீரின் அளவு ஓரிலட்சம் லீற்றரை எட்டும். கூரைகளும் சீமெந்துத் தரையும் அந்நீரை ஓடவிடும். புல் மூடிய தரவையோ அதனைத் தேக்கி வைத்து, ஒரு பகுதியையேனும் சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே நிலத்துக்குள் இறக்கும். குடாநாட்டுக் கிணறுகளில் உள்ள நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்பதாகும். மேலிருந்து இறங்கும் மழைநீர் குறையுமாயின் உவர் மேலெழும். தரவையை மண்ணிட்டு நிரப்புவோர் தம் அயலவரின் கிணற்றையும் சேர்த்தே நிரப்புகின்றனர்.

உரிமையும் எல்லையும்

தரவைகளிற் பெரும்பாலானவை அரச காணிகள். சில கோயிற் காணிகளாகவும் சில தனியார் உறுதிக் காணிகளாகவும் உள்ளன. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், அரச காணியில் ஒரு பகுதியை ஊரின் மேய்ச்சற்றரையென வரைந்து ஒதுக்குவதற்கு இடமளிக்கின்றது. தம் ஊர்த் தரவை அவ்வாறு ஒதுக்கப்பட்டுள்ளதா என்பதைக் கிராம அலுவலர் வாயிலாகப் பிரதேச செயலகத்தில் விசாரித்து அறிதல் முதற் கடமை. ஒதுக்கப்படாதிருப்பின், கால்நடை வளர்ப்போர் ஒன்றுசேர்ந்து எழுத்தில் விண்ணப்பித்தல் வேண்டும். “தலைமுறை தலைமுறையாக மேய்த்து வருகின்றோம்” என்னும் வாய்ச்சொல்லை நிலஅளவைப் படம் அறியாது.

இடப்பெயர்வின் பின் மீளக் குடியேறிய ஊர்களில் எல்லை தெரிந்த முதியோர் சிலரே எஞ்சியிருப்பர். அவர்கள் நடக்கக்கூடிய காலத்திலேயே அவர்களை அழைத்துச் சென்று எல்லையைக் காட்டச் செய்து, கல் நாட்டிக் குறித்து வைத்தல் நன்று. வன்னியிலும் குடாநாட்டின் சில பாகங்களிலும், வெடிபொருள் அகற்றப்பட்டதென உறுதிசெய்யப்படாத நிலத்துள் எவரும் கால்நடையைத் தேடியேனும் செல்லலாகாது. குறிபலகைகளை விறகுக்கெனப் பிடுங்குதல் பெருந்தீங்கு.

புரட்டாதி: மழைக்கு முன்

தரவையின் ஆண்டு சித்திரையில் அன்று, முதல் மழையோடு தொடங்குகின்றது. ஆகையால் அதற்குரிய ஆயத்தங்கள் யாவும் புரட்டாதியில் முடிதல் வேண்டும்.

முதலாவது, தரவையிற் கிடக்கும் பொலித்தீனையும் கயிற்றுத் துண்டுகளையும் பொறுக்கி அகற்றுதல். கோடையின் இறுதியிற் பசியால் வாடிய மாடு, உப்புச் சுவையோ உணவு மணமோ உள்ள எப்பையையும் விழுங்கும். அப்பை சமிபாடு அடைவதில்லை. முன் இரைப்பையிற் பந்தாகத் திரண்டு தங்கிவிடும். மாடு தின்றும் மெலிந்துபோவதற்குக் காரணம் அறியாது பலர் திகைப்பர். இறந்தபின் வயிற்றைத் திறந்தால் ஒரு சாக்களவு பொலித்தீன் வெளிவரும். இதற்குப் பசு வைத்திருப்போரைமட்டும் குறைகூறிப் பயனில்லை. குப்பை கொட்டுவோர் பெரும்பாலும் மாடு வளர்க்காதவர்களே.

இரண்டாவது, தடுப்பூசி. தொண்டையடைப்பான் உலர்வலயத்தில் மழை தொடங்குங் காலத்தில் மாடுகளையும் எருமைகளையும் திடீரெனத் தாக்கும் நோய். காலையில் மேய்ச்சலுக்குச் சென்ற விலங்கு மறுநாள் உயிரோடு இராது. மழைக்கு முன்னரே கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவித்து, மந்தை முழுவதற்கும் ஊசி ஏற்றுவித்தல் வேண்டும். பொதுத் தரவையில் ஒருவர் மாடு ஊசியின்றி நிற்பது அனைவரின் மாட்டுக்கும் ஆபத்து.

மூன்றாவது, பனை. ஆடி, ஆவணியில் வீழ்ந்த பழங்களின் வித்துக்களைச் சேர்த்து வைத்திருப்போர், இப்பொழுது தரவையின் எல்லையோரமாகப் பத்தடிக்கு ஒன்றாக ஊன்றலாம். இவ்வேலை எளிது, பலன் மெல்ல வரும். பனை காய்க்கப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ செல்லும். ஆயினும் வரிசையாக நிற்கும் வடலியைத் தாண்டி வேலி நகர்த்துவது எளிதன்று. எல்லைக்கு அதனினும் மலிவான காவல் இல்லை. கிழங்குக்கென வித்தைக் கிண்டி எடுப்போர் எல்லை வரிசையைத் தொடலாகாது. கிழங்குப் பாத்தியை வேறிடத்தில் அமைத்துக்கொள்க.

இங்கே ஓர் எச்சரிக்கை. தரவையின் நடுவில் மரம் நடுதல் வேண்டா. மரநடுகை நாட்களில் வெளியான நிலத்தைத் தேடுவோர் தரவையையே முதலிற் காண்பர். தரவைப் புல் வெயிலில் வளர்வது. ஆட்காட்டியும் வானம்பாடியும் முட்டையிடுவது வெறுந்தரையிலேயே. மரம் வேண்டுமெனில் ஓரத்தில் வேம்பும் பூவரசும் நிற்கட்டும். மாடுகள் நிழலுக்கு ஒதுங்க அவை போதும்.

ஐப்பசியும் கார்த்திகையும்: இளம்புல்லின் காலம்

தரவையின் நன்மையும் கேடும் இவ்விரு மாதங்களிலேயே பெரும்பாலும் முடிவாகின்றன. காலபோக விதைப்பு நடந்ததும் வயல்கள் மாடுகளுக்கு மூடப்படும். அதுவரை வயல்வெளியில் அலைந்த மந்தை முழுவதும் தரவைக்குத் தள்ளப்படும். தரவையோ அப்பொழுதுதான் துளிர்க்கத் தொடங்கியிருக்கும். நான்கு மாதப் பசியோடு நூறு மாடுகள் ஈர நிலத்தில் இறங்கினால் நிகழ்வது யாது?

இளந்தளிர் தன் இலையினால் உணவாக்கத் தொடங்கும்வரை, வேரிற் சேமித்த உணவைக்கொண்டே வளர்கின்றது. அதற்குமுன் இரண்டு மூன்று முறை கடிக்கப்படின் வேர் வறிதாகிப் புல் இறக்கும். ஈரமண்ணிற் புதிதாக முளைத்த நாற்று கடிபடுவதில்லை, வேரோடு பிடுங்கப்படுகின்றது. மேலும், குளம்பு மிதித்த ஈரமண் இறுகிக் காய்ந்தபின் கல்லாகிவிடும். அடுத்த மழை அதில் இறங்காது. இவ்வாறு வெறுமையான இடத்தைப் புல் மீண்டும் பிடிக்குமுன் களை பிடித்துவிடும்.

இதற்கு மாற்று, முதல் மழையின் பின் தரவை முழுவதையும் ஆறு வாரம் மூடுவதாகும் என நூல்கள் கூறும். அது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆறு வாரம் பசுவைக் கட்டிவைத்துத் தீனி போட வல்லவருக்குத் தரவை தேவையில்லை. தரவை தேவைப்படுபவரால் அது இயலாது. ஆகையால் தரவையை மூன்று கூறாக்கி, ஆண்டுக்கு ஒரு கூறைமட்டும் ஆறு வாரம் ஓய்வாக விடுதலே தக்கது. வேலி வேண்டியதில்லை. பனை வரிசை, வண்டிப் பாதை, கேணி என எல்லோரும் அறிந்த அடையாளங்களைக் கொண்டு கூறுகளை வகுக்கலாம். எக்கூறு எவ்வாண்டு ஓய்வு பெறும் என்பதைப் புரட்டாதியிற் கூட்டங்கூடி, மேய்க்கச் செல்வோர் முன்னிலையில் தீர்மானித்தல் வேண்டும். மேய்ப்பவர் பெரும்பாலும் பெண்களும் முதியோரும் சிறுவருமாவர். தீர்மானிப்போர் பிறராயின் தீர்மானம் தாளில் மட்டுமே நிற்கும்.

மேயவிடும் கூறுகளிலும் தாழ்ந்த நிலத்தை விட்டு மேட்டுப்பகுதியை முதலில் மேய்த்தல் நன்று. நிமிர்ந்து வளரும் புல் ஒரு சாண் உயர்ந்தபின் மாட்டை விட்டு, நான்கு விரற்கடைக்குக் குறையுமுன் வேறிடத்துக்கு ஓட்டுக. அறுகு போன்ற படர்புல்லுக்கு உயரம் கணக்கன்று. அது தரையை மூடியதா என்பதே கணக்கு.

குறையும் தீனியை ஈடுசெய்யக் குடாநாட்டு மக்கள் அறிந்த வழி பனையோலையாகும். ஓலையைக் கிழித்துப் பசுவுக்கு இடுவது இன்றும் வழக்கம். பூவரசங் குழையும் கிளிரிசீடியாக் குழையும் ஆட்டுக்கு உதவும். வைக்கோல் உள்ளவர், 100 கிலோகிராம் வைக்கோலுக்கு 4 கிலோகிராம் யூரியாவை 100 லீற்றர் நீரிற் கரைத்துச் சீராகத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடிப் பத்து நாள் வைத்தபின், திறந்து மணம் போக ஆறவிட்டுக் கொடுக்கலாம். யூரியா கரைத்த நீரை விலங்குகள் குடிக்க நேரின் இறக்கும். வாளியைக் கழுவாமல் வைத்தல் ஆகாது.

மார்கழியும் தையும்: பாத்தீனியம்

இலங்கையில் பாத்தீனியம் 1980களின் பிற்பகுதியில் வவுனியாவில் முதன்முதலாகக் காணப்பட்டது. அக்காலத்தில் இந்தியாவிலிருந்து படையினரின் உணவுக்காகக் கொணரப்பட்ட ஆடுகளோடு அதன் வித்து வந்ததெனக் கருதப்படுகின்றது. பின்னர் அது குடாநாட்டுக்கும் பரவியது. கரட்டின் இலையை ஒத்த இலையும், நுனியிற் கிளைத்த சிறு வெண்பூக்களும் உடைய இச்செடியை அறியாதார் இப்பொழுது வடக்கில் இலர் எனலாம். முளைத்து நான்கு முதல் ஆறு வாரங்களிற் பூக்கும். நன்கு வளர்ந்த ஒரு செடி 15,000க்கும் மேற்பட்ட வித்துக்களைத் தரும். அவ்வித்து வாகனச் சக்கரத்தின் சேற்றிலும், கட்டட மணலிலும், எருவிலும், வைக்கோலிலும் ஊர்விட்டு ஊர் செல்லும். மண்ணிற் புதைந்தவை பல ஆண்டு உயிரோடிருக்கும். இச்செடி சிலருக்குத் தோலிற் கரப்பனையும், சிலருக்கு இழுப்பையும் உண்டாக்கும். வேறு தீனியின்றி இதனைத் தின்ற பசுவின் பால் கசக்கும்.

இதனை அழிக்கத் தக்க காலம் மழைக்காலமே. மண் ஈரமாயிருக்கும்பொழுது வேரோடு எளிதில் வரும்; வெட்டினால் அடியிலிருந்து மீண்டும் தளிர்க்கும். பூக்குமுன் பிடுங்குதல் அவசியம். கையுறை இல்லாதார் தடித்த பையைக் கையிற் சுற்றிக்கொள்க. மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்க. இழுப்பும் தோல்நோயும் உள்ளவர் இவ்வேலைக்கு வருதல் கூடாது. பூத்த செடிகளைச் சாக்கிலிட்டுக் கட்டி, பிடுங்கிய இடத்திலேயே உலர்த்தி எரித்தல் வேண்டும். பிடுங்கி ஒழுங்கையோரத்தில் எறிவது விதைப்பதேயாம். ஒருமுறை செய்து ஓய்தலும் பயன்தராது. மழை நிற்கும்வரை மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதே நிலத்தில் மீண்டும் நடத்தல் வேண்டும். லீற்றருக்கு 200 கிராம் வீதம் கறியுப்புக் கரைத்துத் தெளிக்கும் முறை வீதியோரங்களுக்கும் மதிலடிகளுக்கும் பொருந்தும். தரவையில் அதனைச் செய்தல் ஆகாது. ஏற்கெனவே உவர் ஏறிய நிலத்துக்கு உப்பிடுதல் புல்லையே முதலிற் கொல்லும்.

பாத்தீனியத்தை மாடு இயல்பாகத் தவிர்க்கும். அதனைச் சூழ்ந்த புல்லையே மேயும். ஆகவே மேய்ச்சல் மிகுந்த இடத்திற் போட்டியின்றிப் பாத்தீனியம் பரவும். நெருங்கிய புல்வெளியில் அதன் நாற்று எளிதில் வேரூன்றாது. சென்ற சில ஆண்டுகளிற் சிரமதானமாகப் பாத்தீனியம் பிடுங்கிய ஊர்கள் பலவற்றில் அது மறு மாரியிலேயே திரும்பியதற்கு இதுவே காரணம். பிடுங்கிய நிலத்தையே அவ்வாண்டு ஓய்வுக்கு விடும் கூறாகக் கொள்க.

மன்னாரிலும் புத்தளத்திலும் சீமைக்கருவேல் வேறொரு தொல்லை. அதன் இனிய நெற்றுக்களை மாடும் ஆடும் விரும்பித் தின்று, சாணத்தோடு வித்தைப் பரப்புகின்றன. வளர்ந்த மரத்தை அகற்றுதல் பெருஞ்செலவு. முழங்கால் உயரத்துக்குக் குறைந்த கன்றுகளை மழைக்காலத்தில் வேர்க்கழுத்தோடு தோண்டி எடுத்தலே இயலக்கூடியது.

களை என்றும் வெல்லும் என மனந்தளர வேண்டியதில்லை. ஒருகாலத்தில் நாகதாளி உலர்ந்த வெளிகளை அவ்வாறே மூடி நின்றது. அதன் சாற்றை உறிஞ்சும் கொச்சினீல் இனப் பூச்சியொன்று அதனை அடக்கியது. 1926ஆம் ஆண்டில் அப்பூச்சி இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்கும் கொண்டுசெல்லப்பட்டு அங்கும் பெருவெற்றி கண்டது.

இம்மாதங்களிற் குடற்புழுவும் மிகும். புழுவின் குஞ்சுகள் பனியீரத்தோடு புல்லின் நுனிக்கு ஏறும். வெயில் ஏறியபின் கீழிறங்கும். ஆகையால் ஆடுகளையும் கன்றுகளையும் பனி உலர்ந்தபின் அவிழ்த்து விடுவது மருந்தினும் மலிவான காப்பு. நீர் தேங்கி நத்தைகள் உள்ள ஓரங்களில் அவற்றை மேயவிடாதிருத்தல் நன்று.

மாசியும் பங்குனியும்

அறுவடை முடிந்து வயல்கள் திறக்கப்பட்டதும் மந்தை அரிதாளை நாடிச் செல்லும். தரவைக்கு இதுவே இயற்கையான ஓய்வு. இக்காலத்திற் புல் வித்துவிட்டு விழுத்த இடங்கொடுத்தல் வேண்டும்.

தரவையின் வலுவை அளந்தறியவும் இதுவே தக்க காலம். பனை மட்டையால் ஒரு மீற்றர்ச் சதுரச் சட்டமொன்று செய்து, தரவையின் பத்து வேறிடங்களில் வைத்து, அதனுள் உள்ள புல்லை அறுத்து நிறுத்துச் சராசரி காண்க. சதுர மீற்றருக்கு 250 கிராம் பசும்புல் கிடைத்ததெனக் கொள்வோம். ஓர் ஏக்கர் 4047 சதுர மீற்றர். ஆகவே ஏக்கருக்கு ஏறக்குறைய 1000 கிலோகிராம். அதிற் பாதியைப் புல்லின் உயிருக்கென விட்டால் 500 கிலோகிராம் எஞ்சும். 200 கிலோகிராம் நிறையுள்ள நாட்டுப் பசு நாளொன்றுக்கு 20 கிலோகிராம் பசும்புல் தின்னும். எனவே ஓர் ஏக்கர் ஒரு பசுவுக்கு 25 நாட்களுக்குப் போதும். 60 ஏக்கர்த் தரவையில் 100 பசுக்கள் மேய்ந்தால், புது வளர்ச்சி இல்லாதவிடத்து, 15 நாட்களில் அது முடிந்துவிடும். ஏழெட்டு ஆடுகளை ஒரு பசுவாகக் கணக்கிடலாம். இக்கணக்கைக் கூட்டத்தில் அனைவர் முன்னும் செய்து காட்டுதல் நன்று. எவருடைய மாடு அதிகம் என்னும் பிணக்கைவிட, பதினைந்து நாளின் பின் யாது செய்வது என்னும் கேள்வி பயனுள்ளது. பயனற்ற காளைகளையும் கிழமாடுகளையும் பெருமைக்காக வைத்திருப்போர் சிலர் உளர். அவர்களுக்கும் இக்கணக்கு விளங்கும்.

சாணத்தைப் பற்றியும் இங்கே கூறுதல் வேண்டும். தரவையிலிருந்து அள்ளிய எரு தோட்டத்துக்குச் செல்கின்றது. இரவிற் பட்டியடைத்த மாடுகளின் எருவும் அங்கேயே சேர்கின்றது. புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் தரவை தன் சத்தைத் தலைமுறையாகக் கொடுத்துவந்துள்ளது. திரும்பப் பெற்றது ஒன்றுமில்லை. எரு அள்ளுவதை முற்றாகத் தடுக்க இயலாது. அதனை விற்று வாழும் ஏழைகள் உளர். ஓய்வுக்குரிய கூறில் மட்டும் அவ்வாண்டு சாணம் அள்ளாது விடுக. அடுத்த மழைத் தொடக்கத்தில் அக்கூறின் வெறுமையான பகுதிகளில் ஸ்டைலோ வித்தைத் தூவினால் மண்ணுக்குத் தழைச்சத்தும் மாட்டுக்கு நல்ல தீனியும் கிடைக்கும். அவ்வித்தின் தோல் வன்மையானது. ஏறக்குறைய 80 பாகை சதம அளவையான வெந்நீரில் நான்கு நிமிடம் இட்டு, தண்ணீரில் ஆற்றி, நிழலில் உலர்த்தித் தூவுக. நீர் தேங்கும் பள்ளங்களில் அது நில்லாது.

கோடை

சித்திரை மழை பெய்தால் ஒரு சிறு துளிர்ப்பு உண்டாகும். அதனை நம்பி மந்தையைப் பெருக்கலாகாது. வைகாசியிற் சோளகம் வீசத் தொடங்கியபின் தரவையிற் புல்லைவிட நீரே முதற் கேள்வியாகும்.

நாட்டுப் பசு கோடையில் நாளொன்றுக்கு 30 முதல் 40 லீற்றர் நீர் குடிக்கும். முன்னோர் இதனை நன்கறிந்தே தரவையோரங்களிற் கேணியும் துரவும் நீர்த்தொட்டியும் அமைத்து, மாடுகள் உடலை உரைஞ்ச ஆவுரோஞ்சிக்கல்லும் நாட்டினர். இன்று பல கேணிகள் தூர்ந்து கிடக்கின்றன, கல்மட்டும் நிற்கின்றது. ஆனி, ஆடியிற் கேணி வற்றும்பொழுதே அதனைத் தூரெடுத்தல் வேண்டும். எடுத்த வண்டலைக் கரையிற் குவித்தால் முதல் மழையோடு அது மீண்டும் உள்ளே போகும். தோட்டத்துக்கு ஏற்றுக, நல்ல பசளையாகும். ஆழமாக்க விரும்பி அடிக்கல்லை உடைத்தல் ஆகாது. கீழே உவர்நீர் உள்ள இடங்களிற் கேணி முழுவதும் கெட்டுவிடும். கேணிக்குள் மாடு இறங்காதவாறு தடுத்து, நீரை அள்ளித் தொட்டியிலிட்டுப் பருகச் செய்க.

நீரின் அருமையை அறிய நெடுந்தீவு தக்க சான்று. போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் அத்தீவிற் குதிரை வளர்த்தனர். அவற்றின் வழிவந்தனவாகக் கருதப்படும் மட்டக்குதிரைகள் இன்றும் அங்குள்ள வெளியிற் கட்டின்றித் திரிகின்றன. மழைக்காலத்தில் அவ்வெளியிற் புல்லுக்குக் குறைவில்லை. கடுங்கோடைகளில் நீரின்றி அவை இறந்த செய்திகள் பலமுறை வந்துள்ளன. காய்ந்த புல்லைத் தின்று ஒரு விலங்கு சில வாரம் உயிர்தாங்கும். நீரின்றிச் சில நாளே தாங்கும்.

காய்ந்த புல்லைக் கொளுத்துவோர் இன்னும் உளர். எரித்த இடத்தில் முதல் மழைக்குப் புல் விரைந்து பசுக்கும் என்பது கண்ணுக்குத் தெரிவதே. கண்ணுக்குத் தெரியாதது, அடுத்த மூன்று மாதத் தீனி சாம்பலானதும், மேலிருந்த மக்கு எரிந்து சோளகத்தோடு பறந்ததும் ஆகும். எல்லையில் ஊன்றிய வடலிகளும் அத்தீயில் வாடும். ஆழமான மண்ணும் நீண்ட மழையும் உள்ள நாடுகளில் தீ ஒரு கருவியாகலாம். ஒரு முழ மண்ணில் அது கேடே. காய்ந்த புல் நிற்கட்டும். நின்ற புல்லே ஐப்பசியின் முதல் மழைத்துளி மண்ணை அறையாது தாங்கும்.

ஆவணியில் மந்தையை எண்ணி ஒரு கொப்பியிற் பதிக. எக்கூறு ஓய்வு பெற்றது, பாத்தீனியம் எத்தனைமுறை பிடுங்கப்பட்டது, கேணியில் நீர் எத்திகதிவரை நின்றது, எல்லைக்கற்களில் எவை காணப்படவில்லை என்பவற்றையும் அதே கொப்பியில் எழுதி, புரட்டாதிக் கூட்டத்தில் வாசித்தல் வேண்டும். காணாமற்போன கல்லைப் பற்றி அன்றே கிராம அலுவலருக்கு எழுத்தில் அறிவித்து, அறிவித்த கடிதத்தின் படியைக் கொப்பியில் ஒட்டி வைக்குக.